டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்

நார்ட்பி ஊரில் யாருக்கும் எப்போதும் ஒன்றுமே இருக்காது. அறுவடை இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவனைக் கேட்டாலும், பரவாயில்லை, இன்னும் மோசமாகப் போயிருக்கலாம் என்பான். வடக்கு டகோட்டாவின் அந்தத் தட்டை நிலத்தில் கோதுமையும் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கும் போட்டுப் பிழைக்கிற நார்வே வம்சத்து ஜனங்கள். எலும்பைத் துளைக்கிற குளிரைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆலங்கட்டி மழை ஒரே மத்தியானத்தில் பயிரை வழித்துக்கொண்டு போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பை மட்டும் அவர்களால் பொறுக்க முடியாது.

டாக்டர் ஆர்டிஸ் ஓப்டால் முப்பது வருடமாக அந்த ஊரிலும் சுற்றியிருந்த பண்ணைகளிலும் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தாள். கக்குவான், மணல்வாரி, காதில் சீழ், வயிற்றுப்போக்கு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி ஓரளவு ஜெயித்தும் காட்டினாள். 'சும்மா எதுக்கு டாக்டரைத் தொந்தரவு பண்ணணும்' என்கிற இந்த ஒரு வியாதியிடம்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை.

அவள் வந்த புதிதில் ஊர் அவளை டாக்டர் என்று நம்பவே நாளாயிற்று. மருத்துவக் கல்லூரியில் அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்து, தானிய வியாபாரியான பால்மரைக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் இரண்டு அறை பிடித்துப் பலகை மாட்டினாள். உள்ளே வந்தவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். பால்மர் அன்று அலமாரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நேராக அவனிடம் போய்க் குழந்தையின் நாக்கை நீட்டச் சொன்ன தாய்மாரும் உண்டு. நான் மாட்டுக்குத்தான் பார்ப்பேன், உங்கள் பிள்ளைக்கு வால் முளைத்தால் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உன் பிள்ளைகள்தானே என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர்ப் பிள்ளைகள் ஊராரின் பிள்ளைகள்தான். மருந்து கசந்தால் அவள் மேலே துப்பிவிட்டு அம்மா மடியில் போய் ஏறிக்கொள்வார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ஜனங்களிடமிருந்து நோய் என்னவென்று வரவழைப்பதற்கென்று அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வருகிறவர்கள் முதலில் பனியைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு பீட் விலை. குழந்தைக்கு என்ன என்று கேட்டால் லேசாக இருமல் என்பார்கள். அவள் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து, அவர்கள் கோட்டை மாட்டிக்கொள்ளும்போது கூடவே எழுந்து கதவுவரை நடப்பாள். கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான், நேற்றைக்கு ஒரு தரம் கண் சொருகிப்போச்சு, அது ஒன்றும் இல்லைதானே என்று வாய் திறப்பார்கள். உடனே கோட்டைக் கழற்றச் சொல்லிக் குழந்தையைத் திரும்ப மேசைமேல் போடுவாள். அவள் கண்டுபிடித்த பெரிய வியாதிகளில் பாதிக்கு மேல் அந்தக் கதவடியில் கிடைத்தவைதான்.

வீட்டுத் தொலைபேசி பால்மர் பொறுப்பு. அதில் அவன் அவளைவிடக் கெட்டிக்காரன். அவள் எடுத்தால், இல்லை டாக்டர், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார்கள். அவன் எடுத்தால் டிராக்டர், பன்றிக்குட்டி, மருமகள் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே போய், நடுவில் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி, பிள்ளை பால் குடித்ததா என்று ஒரு கேள்வி போடுவான். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேச்சு நின்றால் போதும். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏம்மா, கோட்ட மாட்டு. அவசரமே இல்லன்னு மூணு தடவ சொல்லிட்டா" என்பான்.

ஜனவரி மாதத்தில் ஒரு காலை, அவளுடைய காரைச் சூடேற்றிவைக்கப் போன பால்மர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தபோது பனியில் முகம் புதைந்து கிடந்தான். மாரடைப்பு. முப்பது வருடம் பிறர் வீட்டுக்கு ஓடியவளுக்குத் தன் வீட்டு வாசலில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

ஊர் திரண்டு வந்தது. அந்த ஜனங்களுக்கு ஆறுதல் சொல்ல வராது, சமைக்க வரும். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகள் சமையலறை மேடை முழுக்கக் குவிந்தன. தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தை நடத்துகிற இனெஸ் ட்வெய்ட் வீட்டுக்குள் வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். வாசலில் பனி தள்ளுவது யார், தேவாலயத்தில் காப்பி ஊற்றுவது யார் என்பதெல்லாம் அவள் கணக்கு. தொலைபேசியையும் தானே எடுத்துக்கொண்டாள். டாக்டர் கொஞ்சம் படுக்கட்டும், யாரும் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள். இனெஸ் நல்லவள். நல்லவள் இல்லையென்றால் அவளைத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அடக்க ஆராதனை மத்தியானம் இரண்டு மணிக்கு. தேவாலய வாசலில் ஆர்டிஸ் வரிசையில் நின்று எல்லோர் கையையும் குலுக்கினாள். டார்லா பிரெக்கெயும் வந்தாள். டார்லா பிறந்த நாளிலிருந்து ஆர்டிஸ் பார்க்க வளர்ந்தவள், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒரு கையில் இனிப்புத் தட்டு, இன்னொரு தோளில் கம்பளியில் சுற்றிய கைக்குழந்தை கிர்ஸ்டி. டார்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "பால்மர் ரொம்ப நல்ல மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். குழந்தை தூங்குகிறது என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

ஆராதனை முடிந்து கீழ்த்தளக் கூடத்தில் காப்பியும் சாப்பாடும். பால்மரைப் புதைக்க முடியவில்லை. மண் பாறையாக உறைந்து கிடந்ததால், பெட்டியை இடுகாட்டில் அதற்கென்றே இருந்த கல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். பனி உருகிய பிறகுதான் குழி. அதுவரை அவன் அங்கே காத்திருக்க வேண்டும் என்பது ஆர்டிஸுக்குத் தாங்கவில்லை. யாரோ கையில் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பனியைப் பற்றிப் பேச்சு, பீட் விலையைப் பற்றிப் பேச்சு.

அப்போதுதான் அந்த அழுகை கேட்டது. சமையலறைப் பக்கமிருந்து, கீச்சென்று, மெலிதாக, கத்தியால் கண்ணாடியைக் கீறுவது போல. பசிக்கு அழுகிற குழந்தை அப்படி அழாது, காதுவலிக் குழந்தையும் அப்படி அழாது. அந்த அழுகையை ஒரு தடவை கேட்டவர்கள் சாகிறவரை மறக்க மாட்டார்கள். ஆர்டிஸ் காப்பியைக் கீழே வைத்தாளா போட்டாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

சமையலறையில் டார்லா பெரிய காப்பிப் பாத்திரத்தைச் சாய்த்துக் குடுவைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பரிமாறும் முறை அவளுடையது. கிர்ஸ்டி மூலையில் கோட்டுக் குவியலின் மேல் ஒரு கூடையில் கிடந்தாள். ஆர்டிஸ் கம்பளியை விலக்கினாள். உடம்பு அனலாகக் கொதித்தது. உச்சிக்குழியில் விரல் வைத்தாள். அது புடைத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கப் பார்த்தாள், கழுத்து மடங்காமல் முதுகும் சேர்ந்து எழும்பியது. குழந்தையின் கண் அவளைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. மூளைக்காய்ச்சல்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். நேற்று சாயங்காலம் சுட ஆரம்பித்தது, காலையில் பால் வேண்டாமென்றுவிட்டாள், பிறகு ஒரே தூக்கம் என்றாள் டார்லா. பாத்திரம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"எனக்கு ஏன் சொல்லல?"

டார்லா இனெஸைப் பார்த்தாள். இனெஸின் முகம் வெளுத்துப்போயிற்று. "காலைல போன் பண்ணா, டாக்டர். இன்னிக்கு அடக்கம், அவசரமான்னு கேட்டேன். அவசரம் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னா" என்றாள்.

அந்தத் தொலைபேசியைப் பால்மர் எடுத்திருந்தால் காலை எட்டு மணிக்கே ஆர்டிஸ் அந்த வீட்டில் இருந்திருப்பாள். பால்மர் அன்று பெட்டியில் இருந்தான்.

துக்கத்துக்கு உடுத்தியிருந்த கறுப்பு உடையோடு, கோட்டுகூடப் போடாமல், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தெருவைக் கடந்து ஓடினாள். டார்லா பின்னாலேயே ஓடிவந்தாள். மருத்துவமனையென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, அவளுடைய அறைகள்தான். குழந்தையின் நரம்பு அந்தக் குளிரில் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் நெற்றியோரத்தில் ஊசி ஏறியது. மருந்தை மெதுவாகச் செலுத்தினாள். ஆம்புலன்ஸ் வந்ததும் நகரத்துக்குக் கிளம்பினார்கள். சாலை முழுக்கப் பனி புகை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது, வண்டி நடை வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. வழியில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. டார்லா மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, எதற்கும் அழாமல், யார் மேலும் தன் முழங்கால் இடித்துவிடக் கூடாதென்று கால்களை மடக்கிக்கொண்டே வந்தாள். ஆர்டிஸுக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

நகரத்து மருத்துவமனையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஆர்டிஸ் அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோரமாக நின்றாள். பொழுது விடிந்து, ஜன்னல் வெளுத்த நேரத்தில், பிறந்து எட்டே மாதமான கிர்ஸ்டி பிரெக்கெ இறந்துபோனாள். நேற்றுக் காலையில் மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆர்டிஸாலும் சொல்ல முடியாது. ஆனால் அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

டார்லாவின் கணவன் கென்ட், மூத்த பையன் டிராயைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே காரில் வந்திருந்தான். தாழ்வாரத்தில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். டார்லா ஆர்டிஸிடம் வந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். உங்க வீட்டுக்காரரோட நாள்ல போயி உங்களுக்கு இவ்வளவு தொந்தரவு."

அந்தச் சொல் ஆர்டிஸின் தலைக்குள் எதையோ உடைத்தது. இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்ததும், முப்பது வருடமாக விழுங்கிவைத்திருந்ததும் ஒன்றாகப் பொங்கிவிட்டன.

"வாய மூடு டார்லா. இன்னொரு தரம் அந்த வார்த்தயச் சொல்லாத. தொந்தரவாம் தொந்தரவு. வாசல்ல என் கையப் பிடிச்சியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருக்க வேண்டிய தேவையும் இல்லை, மீதியை டார்லா கேட்டுவிட்டாள். அவள் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டினாள், ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான் என்பது போல. கென்ட் அவள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை, தான் ஊசி போட்டு வளர்த்த பெண்ணை, அந்த நேரத்தில் அப்படிக் கேட்டுவிட்டோமே என்று ஆர்டிஸ் தன்னையே வெறுத்தாள். வாசலில் கையைப் பிடித்தபோது வாய் திறக்காதது டார்லா மட்டும்தானா? தோளில் கிடந்த குழந்தையை ஏறெடுத்துப் பார்க்காதது யார்?

கிர்ஸ்டியின் பெட்டியை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போனான். அதையும் அதே கல் அறையில், பால்மரின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள், பனி உருகும்வரை. ஆராதனையில் ஆர்டிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டார்லா அவள் பக்கம் திரும்பவில்லை. முந்தின நாளே ஆர்டிஸ், டிராய்க்கு நோய் தொற்றாமலிருக்க மருந்து எழுதிக் கென்ட்டிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நேரில் போய்க் கொடுக்க அவளுக்குக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு தொலைபேசி வாயடைத்துப்போயிற்று. பிப்ரவரி முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கிளம்பிய இருமல் ஊரையே ஆட்டியது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. அவள் துக்கத்தில் இருக்கிறாள் என்று பாதிப் பேர், அவள் மருத்துவமனையில் கத்தியது காதுக்கு எட்டி மீதிப் பேர். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பனியில் அத்தனை தூரம் வண்டி ஓட்டி, நகரத்துக்கே போனார்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், எப்படி இருக்கிறீர்கள் டாக்டர் என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் உங்களை நிறுத்திவைக்கக் கூடாது என்று நகர்ந்தார்கள். தான் அந்த ஊரில் இத்தனை வருடம் கட்டியது, கதவடியில் நின்று நின்று, அரிசியரிசியாகப் பொறுக்கிச் சேர்த்தது, ஒரே நாளில் சிதறிவிட்டது என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. அடுத்த தடவை ஒரு குழந்தைக்குக் கண் சொருகினால் யாரும் அவளுக்குச் சொல்லப் போவதில்லை. பலகையைக் கழற்றிவிட்டு அக்கா வீட்டோடு போய்விடலாமென்று யோசித்தாள். அக்காவுக்குக் கடிதம்கூட எழுதியாயிற்று, தபாலில் போடவில்லை.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், மேசையில் தனக்கு மட்டும் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. பால்மர் எடுப்பான் என்று ஒரு கணம் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து போய் எடுத்தாள்.

"டாக்டர், டார்லா பேசுறேன்."

மருத்துவமனைத் தாழ்வாரத்துக்குப் பிறகு ஆர்டிஸ் அந்தக் குரலை இப்போதுதான் கேட்கிறாள். சொல் கண்ணு என்றாள்.

டிராய்க்கு மூக்கு ஒழுகுகிறது என்றாள் டார்லா. லேசாகச் சுடுகிறது, சாப்பிட்டான், இந்த நிமிடம்கூடத் தரையில் உட்கார்ந்து பொம்மை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். சளிதான் என்று அவளுக்கே தெரியும், கென்ட்டும் சொன்னான், மாமியாரும் சொன்னாள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அந்தப் பக்கம் பையன் வாயால் டிராக்டர் சத்தம் போடுவது நன்றாகக் கேட்டது.

ஆர்டிஸ் பேச்சுக் கொடுக்கப் பார்த்தாள். பனியைப் பற்றி ஏதாவது சொல்லலாமா, பால்மர் சொல்வது மாதிரி. எதுவும் வாயில் வரவில்லை.

"டாக்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அவசரமான்னு கேளுங்க."

"என்னம்மா?"

"அன்னிக்கு இனெஸ் கேட்டாங்களே, அது மாதிரி. எங்கிட்டக் கேளுங்க."

ஆர்டிஸ் கேட்டாள். "அவசரமா, டார்லா?"

"ஆமா" என்றாள் டார்லா. அதோடு நிறுத்தவில்லை. "அவசரம். இப்பவே வாங்க. எனக்கு நீங்க வேணும்."

முப்பது வருடத்தில் அந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் ஆர்டிஸ் கேட்டறியாத வார்த்தை. அதைச் சொல்ல வைக்கத்தான் அவள் கரடியாகக் கத்தினாள், கெஞ்சினாள், கதவடியில் காத்துக் கிடந்தாள். சொல்லக் கற்றுக்கொண்டவள் அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வந்துட்டேன் என்று சொல்ல நினைத்தாள், அழுகைதான் வந்தது. பால்மருக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. டார்லா தொலைபேசியை வைக்கவில்லை, அவள் அழுது முடிக்கும்வரை அந்தப் பக்கத்தில் காத்திருந்தாள்.